தலைமடையில் 1 சதவீதம்

நாகூரிலிருந்து காரைக்கால் போகிற சாலையில் வாஞ்சூர் வந்தால் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் தொடங்குகிறது. வயலைப் பார்த்து எந்தப் பக்கம் எந்த மாநிலம் என்று சொல்ல முடியாது. ஆனால் 2018 கோடையில் அந்த எல்லைக்கோட்டுக்கு ஒரு புது அர்த்தம் வந்தது. காரைக்காலுக்குள்ளேயே ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கடைக்குச் சரக்கு அனுப்புகிறவர் ஏப்ரல் 25 முதல் இணையத்தில் ‘இ-வே பில்’ எடுத்தாக வேண்டும். நாகூரிலிருந்து திருவாரூருக்கு அனுப்புகிறவருக்கோ ஜூன் 2 வரை அந்தக் கட்டாயம் இல்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஒரே சட்டம், ஒரே மென்பொருள். நடுவில் 38 நாள் இடைவெளி.

வெளியிலிருந்து பார்த்தால் அது நிர்வாகக் குழப்பம் போலத் தெரியும். உண்மையில், அதற்கு முன்னால் நடந்த ஒரு குழப்பத்திலிருந்து கற்றுக்கொண்ட பாடம் அது.

இ-வே பில் முதலில் தொடங்கியது 2018 பிப்ரவரி 1 அன்று. ₹50,000-க்கு மேற்பட்ட சரக்கு லாரியில் ஏறினால் அதற்கான மின்னணுச் சீட்டு கையில் இருக்க வேண்டும் என்பது விதி. ஜனவரி 16 முதல் வெள்ளோட்டம் விட்டுப் பார்த்திருந்தார்கள். ஆனால் சோதனையில் வருகிற கூட்டம் வேறு, கட்டாயம் என்று வந்த நாளில் வருகிற கூட்டம் வேறு. நாடு முழுவதும் வியாபாரிகள் ஒரே காலையில் உள்ளே நுழையப் பார்த்தபோது இணையதளம் திணறிப் படுத்துவிட்டது. சீட்டு இல்லாமல் லாரி நகர முடியாது. தளம் இல்லாமல் சீட்டு வராது. அன்றைக்கே மத்திய அரசு கட்டாயத்தைத் தள்ளிவைத்தது.

இரண்டாவது முறை வேறு விதமாகச் செய்தார்கள். ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்குக்கு. ஏப்ரல் 15 முதல் ஆந்திரா, குஜராத், கேரளா, தெலங்கானா, உத்தரப் பிரதேசம் ஆகிய 5 மாநிலங்களுக்குள் ஓடுகிற சரக்குக்கு. பிறகு 20-ஆம் தேதி சில மாநிலங்கள், 25-ஆம் தேதி புதுச்சேரியோடு வேறு சில. தமிழ்நாட்டின் முறை ஜூன் 2 அன்று வந்தது. ஒவ்வொரு படியிலும் பாரம் கொஞ்சம் கூடியது. தாங்குகிறதா என்று பார்க்க இடைவெளி இருந்தது. தளம் தாங்கியது.

மென்பொருள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: படிப்படியான வெளியீடு. இன்று ஆடிட்டர் அலுவலகத்துக் கணக்கு மென்பொருள், அரிசி ஆலையின் பில்லிங், வங்கிக் கிளையின் கணினி, கைப்பேசிச் செயலி எதுவானாலும் அதன் புதிய பதிப்பு இப்படி வருவதுதான் முறை. எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்புவதில்லை. வாடிக்கையாளர்களைச் சில கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு ‘சேனல்’ வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கிறார்கள். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு டெல்டாவில் பொருள் தேட வேண்டியதில்லை. சேனல் என்றால் வாய்க்கால்.

காவிரிப் படுகையில் தண்ணீர் விடுகிற முறையைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபடும். வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கிறது. முதல் நாளே முழு அளவும் விடுவதில்லை. குறைவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். கல்லணைக்கு வந்த நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. அதற்குக் கீழே ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்த வாய்க்கால்கள். அதற்கும் கீழே வயலுக்குப் போகிற கன்னி வாய்க்கால்கள். காய்ந்து கிடந்த கரையில் வெள்ளம் திடீரென்று மோதினால் எங்கே எலி வளை இருக்கிறதோ அங்கே உடையும். அதனால்தான் வாய்க்கால்களைக் கவனித்துக்கொள்ளும் ஊழியரான லஸ்கர் கரையோரம் நடந்து பார்க்கிறார். கசிவு தெரிந்தால் மதகைக் கொஞ்சம் இறக்கச் சொல்லலாம். ஒரேயடியாகத் திறந்துவிட்ட பிறகு இறக்குவதற்கு என்ன இருக்கிறது?

கணினி உலகத்தின் வாய்க்கால்களுக்கும் தரவரிசை உண்டு. கூகுளின் குரோம் உலாவிக்கு நான்கு: கேனரி, டெவ், பீட்டா, ஸ்டேபிள். கேனரி என்பது ஒரு சின்ன மஞ்சள் குருவி. பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயு கசிகிறதா என்று அறிய அதைக் கூண்டில் கொண்டுபோவார்கள். 1980-கள் வரை அந்த வழக்கம் இருந்தது. குருவி சுருண்டு விழுந்தால் ஆட்கள் வெளியே ஓட வேண்டும். புதிய பதிப்பை முதலில் ஏற்றுக்கொள்கிற கூட்டத்துக்கு அந்தக் குருவியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அலுவலகங்களுக்கான மைக்ரோசாஃப்ட் 365-இல் வேறு கணக்கு. புதிய வசதி தயாரானதும் உடனே பெறுகிற சேனல் ஒன்று, மாதத்துக்கு ஒரு முறை குறித்த நாளில் பெறுவது ஒன்று, ஆண்டுக்கு இரண்டே முறை பெறுவது ஒன்று. எந்த ஊழியரின் கணினி எந்தச் சேனலில் இருக்க வேண்டும் என்பதை நிறுவனமே முடிவுசெய்துகொள்ளலாம்.

ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் இன்னும் துல்லியமான கணக்கு ஒன்று இருக்கிறது. செயலியின் புதுப் பதிப்பைப் படிப்படியாக விட ஒரு நிறுவனம் விரும்பினால், தானாக அப்டேட் ஆகும் கைப்பேசிகளில் முதல் நாள் 1 சதவீதத்துக்கு மட்டும் போகும். இரண்டாம் நாள் 2. பிறகு 5, 10, 20, 50. ஏழாம் நாளில்தான் 100. நடுவில் கோளாறு தெரிந்தால் அப்படியே நிறுத்தலாம். அந்த முதல் 1 சதவீதத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. அதற்குப் பதில் தேட கலிஃபோர்னியா வரை போக வேண்டியதில்லை. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் வழியில் ஆடுதுறை இருக்கிறது.

ஆடுதுறையின் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-இல் தொடங்கியது. ஏடிடி என்று பெயர் தொடங்குகிற அத்தனை நெல் ரகங்களுக்கும் அந்த மூன்றெழுத்து இந்த ஊரிலிருந்து வந்தது. 1960-களின் தொடக்கத்தில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அந்தக் காலத்தில் ஜப்பானின் நோரின் 10-ஐயும் நம் ஊர் ஜிஇபி 24-ஐயும் ஒட்டி உருவான ஏடிடி 27, 1965-இல் குறுவைக்கு வந்தது. பிறகு ஏடிடி 36, ஏடிடி 43 என்று வரிசை நீண்டது. இந்த ரகங்கள் எப்படி வெளிவருகின்றன என்று கவனித்தால், மென்பொருள்காரர்கள் மிகவும் பிற்பாடு கண்டுபிடித்ததை நெல் ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது புரியும்.

ஒரு புதிய நெல் நிலையத்தின் வயலில் நன்றாக விளைந்துவிட்டது என்பதற்காக மறுநாளே விவசாயிக்குப் போவதில்லை. முதலில் நிலையத்துக்குள் சோதனை. அடுத்து, பல ஊர்களில் உள்ள ஆராய்ச்சி நிலையங்களில் ஒரே பருவத்தில் விதைத்துப் பார்க்கிறார்கள். அதிலும் தேறினால் விவசாயிகளின் சொந்த வயல்களில் சோதனைத் திடல். ஏனென்றால் டெல்டா என்பது ஒரே மண் இல்லை. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் பழைய டெல்டாவின் வண்டல் களி. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கல்லணைக் கால்வாய் பாயும் புதிய டெல்டாவில் மணல் கலந்த மண். நாகப்பட்டினம் கடலோரத்தில் உப்பு. தாளடி நடவு வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். குறுவை அறுவடை மழைக்கு முன் முடிய வேண்டும். ஆராய்ச்சி நிலையத்தில் உரமும் நீரும் நேரத்துக்குக் கிடைக்கும். விவசாயி வயலில் தண்ணீர் பத்து நாள் தாமதமாக வரும். அந்தத் தாமதத்தையும் தாங்குகிறதா என்பதைத்தான் மூன்றாவது கட்டம் சொல்கிறது.

வெளியிட்ட பிறகும் விதை ஒரேயடியாகப் பரவுவதில்லை. முதலில் வல்லுநர் விதை: ரகத்தை உருவாக்கியவர்களின் நேரடிப் பார்வையில், கொஞ்சமே விளைவது, மஞ்சள் அட்டை. அதிலிருந்து ஆதார விதை, வெள்ளை அட்டை. அதிலிருந்து சான்று விதை, நீல அட்டை. கடையில் விவசாயி வாங்குவது பெரும்பாலும் இந்த மூன்றாவது. ஆதார விதை, சான்று விதைக் கட்டங்களில் விதைச் சான்று அலுவலர் வயலில் இறங்கிப் பார்க்கிறார். உயரம் கூடிய பயிர், கதிர் முன்னதாக வந்த பயிர், நிறம் மாறிய நெல் எல்லாம் கலவன். பிடுங்கி எறியச் சொல்வார். எறியாவிட்டால் அந்த வயலின் நெல் விதையாகப் போக முடியாது. சாப்பாட்டு அரிசியாகத்தான் போகும். பார்க்கிற கண், நிறுத்துகிற அதிகாரம் இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது இந்த ஏற்பாட்டின் உயிர்.

மென்பொருளில் பேட்ச் என்கிறார்களே, அதுகூட நெல்லில் இருக்கிறது. சம்பாவுக்கு டெல்டா விவசாயிகள் விரும்பி நடுகிற சி.ஆர். 1009 ரகம் வெள்ளத்தில் மூழ்கினால் அழுகிப்போகும். ஒடிசாவின் பழைய ரகம் ஒன்றிலிருந்து எடுத்த, நீரில் மூழ்கினாலும் பயிரைச் சில நாள் உயிரோடு காக்கிற ‘சப் 1’ என்ற மரபணுவை அதில் சேர்த்தார்கள். சி.ஆர். 1009 சப் 1 வந்தது. அரிசி மாறவில்லை, பருவம் மாறவில்லை. குறை இருந்த ஒரே இடத்தில் மட்டும் திருத்தம். நல்ல அப்டேட்டுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. வாடிக்கையாளர் பழகிய எதையும் தொடாமல் அவர் நஷ்டப்படுகிற இடத்தை மட்டும் சரிசெய்திருக்கிறார்கள்.

இப்படிப் படிகள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகம் பார்த்தது. கணினிகளுக்குப் பாதுகாப்பு அளிக்கும் அமெரிக்காவின் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் இந்திய நேரப்படி காலை 9:39-க்கு ஒரு சிறிய தகவல் கோப்பை அனுப்பியது. மென்பொருளின் புதிய பதிப்புகூட இல்லை. புதுவகைத் தாக்குதல்களை அடையாளம் காண்பதற்கான குறிப்புகள் அவ்வளவுதான். குறிப்பில் 21 விவரங்கள் இருக்கும் என்று ஒரு பகுதி எதிர்பார்த்தது; நிரல் கொடுத்தது 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடிப்போன கணினிகள் நீலத்திரை காட்டி விழுந்தன. 10:57-க்குக் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். மொத்தம் 78 நிமிடம். அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். விழுந்த கணினியை இணையம் வழியே எழுப்பவும் முடியவில்லை. பல இடங்களில் ஒவ்வொன்றின் முன்னாலும் ஆள் உட்கார்ந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

இதில் மிகவும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கிரவுட்ஸ்ட்ரைக்கின் வாடிக்கையாளர்களில் பலர் முன்னெச்சரிக்கையாகவே இருந்தார்கள். ‘எங்களுக்குப் புத்தம் புதியது வேண்டாம், ஒரு பதிப்பு பின்னால் இருப்பது போதும்’ என்று சேனலைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆனால் அந்தக் கட்டுப்பாடு மென்பொருளுக்கு மட்டும்தான் இருந்தது. தகவல் கோப்புக்கு இல்லை. ஆற்றுக்கு மதகு வைத்துவிட்டு, பக்கத்திலேயே மதகில்லாத ஒரு வழியை விட்டுவைத்த மாதிரி. அந்த வழியாகத் தண்ணீர் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் போனது. விபத்துக்குப் பிறகு, இத்தகைய கோப்புகளையும் படிப்படியாகவே விடுவோம், எப்போது ஏற்பது என்பதை வாடிக்கையாளரே முடிவுசெய்யலாம் என்று நிறுவனம் அறிவித்தது.

படி மட்டும் இருந்து, பார்க்கிற ஆள் இல்லாவிட்டாலும் பயனில்லை. 2018 அக்டோபர் 2-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-இன் பெரிய அப்டேட் ஒன்றை வெளியிட்டது. சிலருடைய டாக்குமெண்ட் கோப்புகள் அதில் அழிந்துபோயின. சில நாட்களிலேயே நிறுத்திவைத்து, நவம்பர் 13-இல்தான் மறுபடி விட்டார்கள். விசாரித்ததில் தெரியவந்தது வேதனையான செய்தி. முன்கூட்டியே சோதித்துப் பார்க்கும் சேனலில் இருந்த சிலர் ‘கோப்பு காணாமல் போகிறது’ என்று முன்பே எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் எண்ணிக்கையில் சொற்பம் என்பதால் குவியலுக்குள் அது மறைந்துவிட்டது. அதன்பின், பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்று குறிப்பிடவும் அந்தப் புகார்ப் பக்கத்தில் இடம் வைத்தார்கள். லஸ்கர் கசிவைப் பார்த்துச் சொல்லியும் மேலே கேட்க ஆளில்லை என்றால் கரை உடையத்தான் செய்யும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் அப்டேட்டே வேண்டாம், கடைசியில் போட்டுக்கொள்ளலாம்’ என்று நினைப்பவர்கள் டெல்டாவின் கடைவீதிகளில் நிறைய உண்டு. மண்டியில் கணக்கு எழுதுகிறவர் திரையின் மூலையில் வரும் அறிவிப்பை மாதக்கணக்கில் மூடிக்கொண்டே இருப்பார். “சார், அப்டேட் கேக்குதே, போட்டுடவா?” என்று கணினி சரிசெய்ய வந்த தம்பி கேட்டால், “இப்ப ஓடிக்கிட்டு இருக்கில்ல தம்பி, அதைத் தொடாத” என்று பதில் வரும். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு முறை பில் வராமல் லாரி வாசலில் நின்றதைப் பார்த்தவர் அவர். ஆனால் நிரந்தரமாகத் தள்ளிப்போடுவது பாதுகாப்பு ஆகாது.

2017 மார்ச் 14-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டது. மே 12-இல் ‘வான்னகிரை’ என்ற தீநிரல், அந்தத் திருத்தம் போடாத கணினிகளைத் தேடித் தேடிப் பூட்டியது. 150 நாடுகள் வரை பாதிப்பு. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்பின. மருந்து வந்து ஏறத்தாழ 2 மாதம் ஆகியிருந்தது. வாங்கிப் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்தது இன்னொரு வகை. 8 சர்வர்களில் 7-க்குப் புதிய நிரல் போனது. ஒன்று விடுபட்டுவிட்டது. அந்த ஒன்றில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு கண்மண் தெரியாமல் பங்குகளை வாங்கி விற்றது. 45 நிமிடத்தில் 44 கோடி டாலர் நஷ்டம். நிறுவனமே வேறொருவர் கைக்குப் போனது.

இப்படிக் கடைசியில் விடுபடுகிற இடத்துக்கான கடைமடை என்ற சொல்லைத் தண்ணீருக்காக டெல்டா எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. மேட்டூர் திறந்து இத்தனை நாள் ஆகியும் பேராவூரணிக்குத் தண்ணீர் வரவில்லை என்ற செய்தி அநேகமாக ஆண்டுதோறும் நாளிதழில் வரும். தலைமடையில் நடவு முடிந்திருக்கும். கடைமடையில் நாற்று முற்றிப்போயிருக்கும். படிப்படியாகத் திறப்பது என்று முடிவுசெய்கிற எவரும் கடைசிப் படி எந்தத் தேதியில் முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மென்பொருளிலும் அப்படித்தான். கடைசி 5 சதவீதக் கணினிகள் பெரும்பாலும் சின்னக் கடைகளிலும் கிராமத்து அலுவலகங்களிலும் இருக்கின்றன. அங்கே இணையம் மெதுவாக இருக்கும், கணினி பழசாக இருக்கும், கேட்டுச் சொல்ல ஆள் இருக்காது.

எல்லாவற்றையும் படிப்படியாக விட முடியாது என்பதும் உண்மை. சட்டம் ஒரு தேதியில் மாறினால் அந்த நள்ளிரவில் எல்லாருடைய மென்பொருளும் மாறியாக வேண்டும். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி அப்படி வந்தது. முதல் மாதக் கணக்கைப் பதிவேற்றும் கடைசி நாட்களில் தளம் திணறியதால் ஆகஸ்ட் 20 என்ற கெடுவை 25-ஆக நீட்டினார்கள். டெல்டாவின் அரிசிக்கடைக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும் நாள் 2022 ஜூலை 18. பெயர் அச்சிட்டுப் பொட்டலம் கட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு அன்று முதல் 5 சதவீத வரி. அதுவரை 25 கிலோ சிப்பமாகக் கட்டிவந்த ஆலைகள் பல, 26 கிலோ சிப்பத்துக்கு மாறின. பையும் எடைக்கல்லும் மட்டும் மாறினால் போதாது. பில் போடுகிற மென்பொருளில் சரக்கின் பெயர், எடை, வரி மூன்றும் அதே நாளில் மாற வேண்டும். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோதும் இதே நெருக்கடிதான்.

இத்தகைய நாளுக்கு மென்பொருள்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். புதிய வசதியை வாரங்களுக்கு முன்பே எல்லாக் கணினிக்கும் படிப்படியாக அனுப்பிவிடுவார்கள். ஆனால் அது மூடியே இருக்கும். குறித்த நாளில் ஒரு சின்ன விசையைத் தட்டினால் வேலைக்கு வந்துவிடும். வாய்க்காலில் தண்ணீரை நிரப்பிவைத்து, முறை வந்த நாளில் பலகையைத் தூக்குவதற்குச் சமம். மின்னணு விலைப்பட்டியல் என்கிற இ-இன்வாய்ஸில் அரசே வேறொரு நல்ல முறையைக் கையாண்டது. 2020 அக்டோபரில் ஆண்டுக்கு ₹500 கோடிக்கு மேல் விற்பனை உள்ளவர்களுக்கு மட்டும். அடுத்த ஜனவரியில் ₹100 கோடி, ஏப்ரலில் ₹50 கோடி. 2022-இல் ₹20 கோடி, பிறகு ₹10 கோடி. 2023 ஆகஸ்ட் 1-இல் ₹5 கோடி. கணினிப் பிரிவு வைத்திருக்கிற பெரிய நிறுவனங்கள் முதலில் அடிபட்டுத் திருத்தங்கள் வாங்கிக் கொடுத்தன. கும்பகோணத்தின் உர மொத்த வியாபாரிக்கு முறை வந்தபோது தளம் ஏறத்தாழ 3 ஆண்டு அனுபவப்பட்டிருந்தது. பெரியவர் முதலில், சிறியவர் பிறகு என்ற இந்த வரிசை நியாயமானது. எல்லாத் திட்டங்களிலும் இதையே பின்பற்றலாம்.

நிறுவனம் படிப்படியாக விட்டாலும் விடாவிட்டாலும், கடைக்காரர் தன் கடைக்குள்ளேயே படி வைத்துக்கொள்ள முடியும். மூன்று கணினி இருக்கிற ஆலையில் பில் போடாத ஒன்றில் முதலில் புதிய பதிப்பை ஏற்றி, பழைய கணக்கின் நகலைத் திறந்து ஒரு வாரம் பார்க்கலாம். நேற்றைய பத்துப் பில்களை மறுபடி அதில் போட்டு, தொகை பைசா சுத்தமாக ஒத்துவருகிறதா என்று சரிபார்த்தாலே பாதி கோளாறு வெளியே வந்துவிடும். ஏற்றுவதற்கு முன் கணக்கு முழுவதையும் பென்டிரைவிலோ வேறு கணினியிலோ நகல் எடுத்துவைப்பது கட்டாயம். ஏனென்றால் பல கணக்கு மென்பொருள்களில் புதிய பதிப்பு தொட்ட கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது. திரும்பிவருகிற பாதை அந்த நகல் ஒன்றுதான். நாளும் பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி கணக்குக்கு 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் கெடு நாட்கள்; அவற்றை ஒட்டிய நாட்களில் எதையும் மாற்றக் கூடாது. அறுவடை உச்சத்தில் நெல் வண்டிகள் வரிசையில் நிற்கும்போதும் கூடாது.

அந்தக் கடைசி விஷயத்தை மென்பொருள் எழுதுகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சம்பா அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலைப் போய்ப் பார்க்கலாம். களத்தில் நெல் குவியல் குவியலாகக் கிடக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் எடுப்பார்கள். காலையில் காயவைத்து 17-க்குக் கொண்டுவந்த நெல், ஒரு தூறல் போட்டால் மறுபடி 20-ஐத் தாண்டும். தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு இரவு முழுவதும் காவல் இருக்கிறவர் அந்த விவசாயிதான். பதிவு செய்கிற, ரசீது போடுகிற எந்தக் கணினியும் அந்த நாட்களில் ‘அப்டேட் ஆகிறது, காத்திருக்கவும்’ என்று திரை காட்டக் கூடாது. சென்னையில் வெறும் ஒரு மணி நேரத் தடங்கலாகத் தெரிவது, அங்கே மேகம் திரண்ட மாலையில் ஒரு பருவத்தின் உழைப்பு.

2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் மினி டைடல் பூங்கா திறந்தது. மென்பொருள் வேலைக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போன டெல்டாப் பிள்ளைகளில் சிலருக்காவது இனி ஊரிலிருந்தபடியே அந்த வேலை கிடைக்கும். அவர்களிடம் கேட்க ஒரு வேண்டுகோள் உண்டு. நீங்கள் எழுதுகிற மென்பொருளின் முதல் 1 சதவீதத்தை உங்கள் அலுவலகத்துப் புதுக் கணினிகளைக் கொண்டு நிரப்பிவிடாதீர்கள். பேராவூரணியில் ஒரு தேங்காய் மண்டி, வேதாரண்யத்தில் ஒரு உப்பு வியாபாரி, திருத்துறைப்பூண்டியில் ஒரு அரிசி ஆலை, கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை என்று, மனமுவந்து சம்மதிக்கிற நாலு பேரை அதில் சேருங்கள். அவர்களுக்கு வாரம் ஒரு முறை நீங்களே போன் செய்து என்ன ஆயிற்று என்று கேளுங்கள். தஞ்சாவூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து இந்த நான்கு ஊருக்கும் போய் நேரிலேயே பார்த்துவிட்டு வரலாம். பெங்களூரில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை.